37 பாட்டு, ஒரு கணக்கு வாத்தியார்: டாம் லேரரோட மொத்த சரக்கையும் கேட்டு முடிச்சாச்சு

முதல்லயே சொல்லிடறேன், இது காசு கொடுத்து வாங்குன பொருளோட ரிவ்யூ இல்ல. ஓசி. அதுவும் திருட்டு ஓசி இல்ல, பாடுன ஆளே "எடுத்துக்கோங்க, எனக்கு காசு மட்டும் அனுப்பாதீங்க"ன்னு எழுதி வச்சுட்டு கொடுத்த ஓசி. 2020 அக்டோபர்ல பாட்டு வரிகளையும் தானே போட்ட மெட்டுகளையும் யார் வேணா எப்படி வேணா பயன்படுத்திக்கலாம்னு விட்டுட்டார், அது பத்தாதுன்னு 2022 நவம்பர்ல ரெக்கார்டிங் உட்பட எல்லா உரிமையையும் கை கழுவிட்டார். நம்ம பக்கம் நாட்டுடைமைன்னா அரசாங்கம் எழுத்தாளர் குடும்பத்துக்கு ஒரு தொகை கொடுத்து அப்புறம் பொதுவாக்கும், இங்க மனுஷன் உயிரோட இருக்கும்போதே, 94 வயசுல, யார்கிட்டயும் சல்லிக்காசு வாங்காம தானே உடைமையை உதறிட்டுப் போயிட்டார். எல்லாத்தையும் தன்னோட வெப்சைட்லயே போட்டு வச்சுட்டு கூடவே ஒரு எச்சரிக்கை வேற, இந்த சைட்டை ரொம்ப நாள் வச்சிருக்க மாட்டேன், எடுக்கறதா இருந்தா சீக்கிரம் எடுங்கன்னு. நான் சீக்கிரம் எடுத்தேன், ஆனா முழுசா உக்காந்து கேட்டது இப்பதான்.

ஆளு யாருன்னு தெரியாதவங்களுக்கு. டாம் லேரர். எழுத்துக்கூட்டி படிச்சா லெஹ்ரர்னு வரும், அவங்க லேரர்னுதான் சொல்றாங்க. 1928-ல நியூயார்க் மன்ஹாட்டன்ல பொறந்தவர், 15 வயசுல ஹார்வர்டுக்குள்ள போயி 18 வயசுல கணக்குல டிகிரி, அடுத்த வருஷமே மாஸ்டர்ஸ். பியானோல உக்காந்து அமெரிக்க அரசியல், அணுகுண்டு, மதம், காதல்னு ஒண்ணு விடாம நக்கலடிச்சுப் பாடினார், பாடின நேரம் போக மிச்ச வாழ்க்கை பூரா கணக்கு சொல்லிக் கொடுத்தார். 2025 ஜூலை 26 மாசசூசெட்ஸ் கேம்பிரிட்ஜ்ல 97 வயசுல போயிட்டார். நானும் டியூஷன்ல கணக்கு எடுக்கறவன்ங்கறதால இந்த ரிவ்யூல கொஞ்சம் பாசம் கூடுதலா இருக்கும், அதை கழிச்சுட்டு படிச்சுக்கோங்க.

சரக்கு எவ்வளவுன்னா, பெரிசா ஒண்ணுமில்ல. முக்கியமான ஆல்பம் மூணே மூணு. முதல்ல 12 பாட்டு, ரெண்டாவதுல 11, மூணாவதுல 14. கூட்டினா 37. பகா எண், வேணும்னே பண்ணாரான்னு தெரியாம நானே சிரிச்சுக்கிட்டேன். இருபது வருஷத்துல 37 பாட்டு, 109 கச்சேரின்னு அவரே கணக்கு சொல்லியிருக்கார். இன்னைக்கு ஒருத்தர் யூடியூப்ல ஒரே வருஷத்துல அதைவிட ஜாஸ்தி போட்டுடுவாங்க. இதுக்கு வெளிய குழந்தைங்க டிவிக்கு எழுதுனது, கணக்கு வாத்தியார்களுக்குன்னே எழுதுனதுன்னு கொஞ்சம் உதிரி உண்டு, அதுக்கு அப்புறம் வரேன்.

முதல் ஆல்பம் 1953. இதோட கதையே தனி ருசி. அப்ப ஹார்வர்டுல ஆராய்ச்சி மாணவர், நண்பர்கள் பார்ட்டில பாடிட்டிருந்த பாட்டுங்களை ரெக்கார்டு பண்ணா கேம்பஸ்ல கொஞ்சம் விக்கும்னு நெனச்சு, பாஸ்டன்ல ஒரு ஸ்டூடியோவுக்குப் போயி ஒரே நாள்ல பாடி முடிச்சார், ஸ்டூடியோ செலவு 15 டாலர். 400 காப்பி அடிச்சார், ஒண்ணு 3 டாலர். கம்பெனி கிடையாது, விளம்பரம் கிடையாது, ரேடியோவும் தொடாது, ஏன்னா உள்ள இருக்கறது கஞ்சா வியாபாரியை தாலாட்டு மாதிரி மெட்டுல புகழற பாட்டு, வேட்டைக்குப் போயி மானுக்கு பதிலா மனுஷனை சுட்டுட்டு வர்ற பாட்டு இந்த மாதிரி. ஆனா வாங்குன பசங்க லீவுல ஊருக்கு எடுத்துட்டு போனாங்க, அங்க கேட்டவங்க தபால்ல ஆர்டர் போட்டாங்க, அப்படியே ஆளாளுக்கு கை மாறி நாடு பூரா போயிடுச்சு. இங்கிலாந்துல பிபிசி பெரும்பாலான பாட்டை தடை பண்ணிட்டாங்க, அப்புறம் 1957-ல இளவரசி மார்கரெட்டுக்கு லண்டன் யூனிவர்சிட்டி கௌரவ டிகிரி கொடுத்தப்போ வாழ்த்துரையில அவங்களுக்கு புடிச்ச இசைன்னு மோட்சார்ட் பேரோட இவர் பேரையும் சேர்த்து வாசிச்சுட்டாங்க. அவ்ளோதான், அங்கயும் விக்க ஆரம்பிச்சுடுச்சு.

இப்ப கேட்டா? ஒலித்தரம் 15 டாலருக்கு என்ன வருமோ அதுதான். ஒரு பியானோ, ஒரு குரல், குரலும் கொஞ்சம் மூக்கால வர்ற டைப். எதிர்ல ஆளில்லாம ஸ்டூடியோல பாடுனதுனால ஜோக்குக்கு அப்புறம் ஒரு வெறுமை வருது, யாரும் சிரிக்கல, நாமளும் தனியா சிரிக்க கூச்சமா இருக்கு. 12-ல எனக்கு நின்னது மூணுதான். ஒண்ணு அவர் காலேஜுக்கே எழுதுன விளையாட்டுப் பாட்டு, 17 வயசுல எழுதினது, எதிர் டீமை நொறுக்குங்கடான்னு கத்த வேண்டிய இடத்துல ரொம்ப மரியாதையா, தயவு செஞ்சு கொஞ்சம் முரட்டுத்தனமா ஆடுவீங்களான்னு கேக்கற தொனி. ரெண்டாவது நெவாடா பாலைவனத்துல அணுகுண்டு சோதனை நடக்கற ஊருக்கு நான் போகணும்னு ஒரு கௌபாய் ஆசைப்படற பாட்டு, ஈய உள்ளாடை போட்டுக்கிட்டு. இவரே அந்த காலத்துல லாஸ் அலமோஸ்ல, அதாவது அமெரிக்கா அணுகுண்டு செஞ்ச ஆய்வுக்கூடத்துல, வேலை பாத்துட்டு வந்தவர்ங்கறது தெரிஞ்சப்புறம் அந்தப் பாட்டு வேற மாதிரி கேக்குது.

மூணாவது 'லோபசெவ்ஸ்கி'. இது கணக்குக்காரங்களுக்கு தேசிய கீதம் மாதிரி. ரஷ்ய கணித மேதை நிகோலாய் லோபசெவ்ஸ்கி, நாம ஸ்கூல்ல படிக்கற யூக்ளிட் வடிவியலுக்கு வெளிய ஒரு வடிவியல் உண்டுன்னு காட்டுன மகான், அவர் கிட்ட நான் கத்துக்கிட்டது ஒரே விஷயம், காப்பி அடி, கண்ணை எதுக்கு கடவுள் கொடுத்தான், காப்பி அடி, ஆனா மறக்காம அதுக்கு ஆராய்ச்சின்னு பேரு வைன்னு ஒரு ரஷ்ய உச்சரிப்புல பாடுவார். நெஜ லோபசெவ்ஸ்கி மேல எந்தக் குத்தமும் இல்ல, சந்தத்துக்கு பேரு பொருந்துச்சு, அதான் வச்சேன்னு பின்னாடி மேடையில அவரே சொல்லுவார். இந்தப் பாட்டுக்கு ஒரு வால் உண்டு, அதை கீழ சொல்றேன், மொத்த தொகுப்புலயும் எனக்கு ரொம்ப புடிச்ச ஜோக் அதுதான், அது பாட்டுலயே இல்ல.

ரெண்டாவது ஆல்பத்துல வாங்கறவங்க, சாரி எடுக்கறவங்க, ஒரு குழப்பத்துல மாட்டுவாங்க. அதே 11 பாட்டு 1959-ல ரெண்டு விதமா வந்துச்சு, ஒண்ணு ஸ்டூடியோ, ஒண்ணு ஹார்வர்டு சாண்டர்ஸ் தியேட்டர்ல மார்ச் மாசம் ஜனங்க முன்னாடி பாடுனது. யோசிக்கவே வேணாம், ரெண்டாவதை எடுங்க. ஸ்டூடியோ ஃபைல் கேக்கலேன்னாலும் ஒண்ணும் குறைஞ்சுடாது. ஏன்னா இவரோட பாதி சரக்கு பாட்டுக்கு நடுவுல பேசற பேச்சுலதான் இருக்கு. அடுத்து என்ன பாட்டுன்னு சொல்றதுக்கு ரெண்டு நிமிஷம் எடுத்துப்பார், அதுல ஒரு கிளைக்கதை, அந்தக் கிளைக்குள்ள இன்னொரு கிளை, எங்கயோ போறார்னு நெனைக்கும்போது சட்டுனு கொண்டு வந்து பாட்டோட முதல் வரில சேர்த்துடுவார். கிளாஸ் எடுக்கறவங்களுக்கு இது தெரியும், கடைசி பெஞ்சு தூங்கறான்னா ஃபார்முலாவை உடனே எழுதக்கூடாது, ஒரு கதையை விட்டு எழுப்பிட்டுதான் எழுதணும். குரல்ல ஏத்தம் எறக்கம் எதுவும் கிடையாது, ரொம்ப நல்ல பையன் மாதிரி, சட்டை பட்டன் எல்லாம் போட்ட மாதிரி ஒரு குரல், அந்தக் குரல்ல பார்க்ல புறாவுக்கு விஷம் வைக்கறதை வசந்த கால டூயட் மாதிரி பாடறார். கத்திப் பாடியிருந்தா கோரமா இருந்திருக்கும். நம்ம கலைவாணர் பாட்டுல கேக்கற அதே சாதுவான குரல் தந்திரம், ஊசி ஏறுனது அப்புறம்தான் தெரியும்.

இந்த ஆல்பத்துலதான் 'தி எலிமென்ட்ஸ்' இருக்கு. டாம் லேரர்னா பலபேருக்கு இந்த ஒரு பாட்டுதான், 2010-ல ஹாரி பாட்டர் நடிகர் டேனியல் ராட்க்ளிஃப் ஒரு டிவி ஷோல இதை மூச்சு விடாம பாடிக் காட்டுன வீடியோ நெறைய பேர் பாத்திருப்பீங்க. விஷயம் இவ்ளோதான், அப்ப தெரிஞ்சிருந்த 102 தனிமங்களோட பேரையும், வேற ஒரு வார்த்தை கூட அனாவசியமா சேர்க்காம, கில்பர்ட் அண்ட் சல்லிவன்ங்கற இங்கிலாந்து இசை நாடக ஜோடி 1879-ல போட்ட ஒரு படபட மெட்டுல அடுக்கிட்டார். அணு எண் வரிசையில இல்ல, எதுகைக்கும் இயைபுக்கும் எது பொருந்துதோ அந்த வரிசையில. நான் முதல்ல இது சும்மா மனப்பாட வித்தைன்னுதான் நெனச்சேன். அப்புறம் பீரியாடிக் டேபிளை பக்கத்துல வச்சு பென்சிலால ஒவ்வொண்ணா அடிச்சுக்கிட்டே கேட்டேன் (ஆமா, வேலை வெட்டி இல்ல), 102-ம் இருக்கு, ஒண்ணு கூட ரெண்டு தடவை வரல. இது பாட்டு எழுதறவன் வேலை இல்ல, ஜிக்சா புதிர் போடறவன் வேலை. கடைசில, இதுவரைக்கும் ஹார்வர்டுக்கு செய்தி வந்தது இவ்ளோதான், இன்னும் இருக்கலாம்னு ஒரு தப்பிக்கற வரி, அதுக்கும் ஒரு வெட்டித்தனமான இயைபு போட்டிருப்பார், பாஸ்டன்காரன் உச்சரிப்புல சொன்னாதான் அது பொருந்தும். 1961-லயே 103-வது வந்துடுச்சு, இப்ப 118. பாட்டு பழசாயிடுச்சு, ஆனா அந்தத் தப்பிக்கற வரி மட்டும் அப்படியே செல்லுபடியாகுது.

கேக்கும்போது ஒரு ஆர்வத்துல இவரைப் பத்தி அந்தக் காலத்து பத்திரிகைங்க என்ன எழுதுனாங்கன்னு பாத்தேன். நியூயார்க் டைம்ஸ், இவரோட கலைமகளுக்கு ரசனைங்கற விலங்கெல்லாம் பூட்டலன்ற மாதிரி எழுதியிருக்கு. இன்னொரு பேப்பர், சிரிப்பை விட தவிப்புதான் தெரியுதுன்னு. ஓக்லாந்து பேப்பர் பெரிய மனசு பண்ணி, பியானோ ஓரளவு வாசிக்கறார்னு விட்டிருக்கு. இவர் என்ன பண்ணாருன்னா இதையெல்லாம் பொறுக்கி எடுத்து தன்னோட ரெக்கார்டு விளம்பரத்துக்கே போட்டுக்கிட்டார். ரிவ்யூ எழுதறவங்களை இதை விட கேவலமா யாரும் பழி வாங்க முடியாது. அதனால நானும் கொஞ்சம் ஜாக்கிரதையாத்தான் எழுதறேன்.

மூணாவது ஆல்பம்தான் ஆல்பம். 1965, சான் ஃப்ரான்சிஸ்கோல 'ஹங்ரி ஐ'ங்கற நைட் கிளப்ல ரெக்கார்டு பண்ணது. அதுக்கு முன்னாடி வருஷம் அமெரிக்க டிவில வாரா வாரம் செய்திகளை நக்கலடிக்கற ஒரு நிகழ்ச்சி, அதுக்கு இவர் பாட்டு எழுதி அனுப்புவார், அவங்க சென்சார் பண்ணி வேற யாரையோ பாட வைப்பாங்க, வெட்டுனதெல்லாம் திரும்ப ஒட்டி தானே பாடுனதுதான் இந்த ஆல்பம். பேப்பர்ல வந்த செய்திக்கு எழுதுன பாட்டு அறுபது வருஷம் கழிச்சு நிக்குமான்னு சந்தேகத்தோடதான் ஆரம்பிச்சேன். பாதி நிக்குது. நிக்காத பாதியை முதல்ல சொல்லிடறேன்: அப்ப அமெரிக்க துணை ஜனாதிபதியா இருந்த ஹ்யூபர்ட் ஹம்ஃப்ரி எங்க காணாம போனார்ங்கற பாட்டு, நேட்டோ நாடுங்க அணு ஆயுதத்தை பங்கு போட்டுக்கற ஒரு திட்டத்தைப் பத்தின தாலாட்டு, இதெல்லாம் அடிக்குறிப்பு இல்லாம புரியாது, புரிஞ்சாலும் சிரிப்பு வர்றதுக்குள்ள பாட்டு முடிஞ்சுடும். நடிகர் ஜார்ஜ் மர்ஃபி கலிஃபோர்னியால செனட்டர் ஆனதை கிண்டல் பண்ற பாட்டும் அந்த லிஸ்ட்லதான் வரணும், ஆனா போற போக்குல ரொனால்ட் ரீகன்னு இன்னொரு நடிகர் (பின்னாடி ஜனாதிபதியே ஆனவர்) பேரை தூக்கிப் போட்டுட்டுப் போவார், அப்ப ரீகன் கவர்னர் கூட ஆகல. சினிமாக்காரங்க நாடாள வர்றதுல என்ன ஜோக் இருக்குன்னு நம்மள கேட்டா நாம என்னத்த சொல்றது, அமைதியா கேட்டுட்டு அடுத்த பாட்டுக்கு போயிட்டேன்.

அடுத்து சொல்ல வேண்டியது 'நியூ மேத்'. இங்க கொஞ்சம் நேரம் உக்காரணும்.

ரஷ்யாவோட ஸ்புட்னிக் செயற்கைக்கோள் மேல போனதும் அமெரிக்கா அலறிப்போயி ஸ்கூல் கணக்குப் பாடத்தை தலைகீழா மாத்துச்சு, கணங்கள், வேற வேற அடிமானத்துல (பத்து பத்தா இல்லாம எட்டு எட்டா கட்டி எண்ணற மாதிரி) எண்கள்னு சின்னப் பசங்களுக்கு சொல்லிக் கொடுக்க ஆரம்பிச்சாங்க, பெத்தவங்களுக்கு பசங்க வீட்டுப்பாடமே புரியல. அந்தப் பெத்தவங்களுக்கு ஒரு டியூஷன் மாதிரி இந்தப் பாட்டு. 342-லேர்ந்து 173 கழிக்கணும், அவ்ளோதான் கதை. முதல்ல பழைய முறையை ஞாபகப்படுத்துவார், அதுலயே ரெண்டு கோஷ்டி இருந்தாங்க, மேல இருக்கற 4-ஐ 3 ஆக்கி கடன் வாங்கிக் கழிக்கறவங்க ஒரு பக்கம், மேல தொடாம கீழ இருக்கற 7-ஐ 8 ஆக்கிக்கறவங்க இன்னொரு பக்கம், ரெண்டு வழியிலயும் பத்தாம் இடத்துல 6 தான் வரும். நீங்க எந்த கோஷ்டின்றது உங்க வயசையும் நீங்க படிச்ச ஸ்கூல் காசு கட்டுனதா இல்லையான்றதையும் காட்டிக் கொடுத்துடும்னு ஒரு குத்து. இது எப்பேர்ப்பட்ட கவனிப்புன்னு கழித்தல் சொல்லிக் கொடுத்தவங்களுக்குத்தான் தெரியும், என் கிட்ட வர்ற பசங்கள்ல ஒருத்தன் கீழ கூட்டிக்கற முறையை தாத்தா கிட்ட கத்துக்கிட்டு வந்து, நான் தப்புன்னு சிவப்பு மையில சுழிச்சு, அப்புறம் விடை சரியா இருக்கேன்னு முழிச்சு, அவன் கிட்டயே கேட்டுப் புரிஞ்சுக்கிட்டேன்.

அப்புறம் புது முறை. இதுல முக்கியம் என்ன பண்றோம்னு புரிஞ்சுக்கறதுதான், சரியான விடை வர்றது இல்லைன்னு ஒரு வரி விடுவார், அரங்கம் அதிரும். அங்கேர்ந்து பியானோ வேகம் எடுக்கும், அவரும் ஒண்ணு, பத்து, நூறுன்னு கடன் வாங்கிட்டே ஓடுவார், 169. மூச்சு வாங்கறதுக்குள்ள, ஆனா புத்தகத்துல இந்தக் கணக்கை பேஸ் எட்டுல, அதாவது எட்டடிமானத்துல, கேட்டிருக்காங்களேன்னு திரும்ப ஆரம்பிப்பார். பயப்படாதீங்க, எட்டடிமானம் பத்தடிமானம் மாதிரியேதான், ரெண்டு விரல் இல்லேன்னா. இந்த இடத்துல நான் பாட்டை நிறுத்திட்டு பேப்பர் எடுத்தேன். ஒண்ணுகள் இடத்துல 2-லேர்ந்து 3 போகாது, பக்கத்துல ஒரு எட்டு கடன், 8-ம் 2-ம் 10, 10-ல 3 போனா 7. அடுத்த இடத்துல இப்ப 3 தான் இருக்கு, 7 போகாது, அறுபத்துநாலு இடத்துலேர்ந்து ஒண்ணு உடைச்சா எட்டு எட்டுகள், 8-ம் 3-ம் 11, அதுல 7 போக 4. மிச்சம் 2-ல 1 போக 1. ஆக 147. சரி பாக்க பத்துக்கு மாத்துனேன், 226-ல 123 போக 103, 147-ஐ மாத்துனாலும் 64-ம் 32-ம் 7-ம் 103. பாட்டுல ஒரு படி கூட தப்பில்ல! அறுபத்துநாலு எங்கேர்ந்து வந்துச்சுன்னு நீங்க கேக்கறது எனக்கு கேக்குதுன்னு பாட்டுக்குள்ளயே சொல்லுவார் பாருங்க, அது கிளாஸ்ல நின்னு வருஷக்கணக்கா அந்தக் கேள்வியை வாங்கினவன் மட்டும்தான் எழுத முடியும். காமெடிக்காக கணக்கை குழப்பற பாட்டு ஆயிரம் எழுதலாம், குழப்பம்னு நாம நெனச்சு சிரிச்சிட்டிருக்கும்போதே கணக்கு நேரா போயிட்டிருக்கறது இதுல மட்டும்தான். போன மாசம் பத்தாங்கிளாஸ் பசங்களுக்கு எட்டடிமானம் சொல்லும்போது வரிகளை போர்டுல போட்டு இதைத்தான் ஓட விட்டேன், இங்கிலீஷ் வேகம் புரியாம ரெண்டு பேர் முழிச்சாங்க, மத்தவங்க மூணாவது தடவைல கூடவே கழிச்சாங்க.

இந்தக் கண்ணோட திரும்பிப் பாத்தா இவரோட நல்ல பாட்டு எல்லாமே இப்படித்தான் இருக்கு. ஒரு விஷயத்தை உண்மைன்னு வச்சுக்கோ, அப்புறம் படிப்படியா எங்க போகுதோ அது வரைக்கும் போ, நடுவுல வெக்கப்பட்டு நிறுத்தாதே. மூணாம் உலகப்போருக்கு பாட்டு வேணும்னா இப்பவே எழுதிடணும், ஏன்னா போர் முடிஞ்சப்புறம் எழுத ஆள் இருக்காது. அமெரிக்கா கிட்ட குண்டு இருந்தா நல்லது, ரஷ்யா கிட்டயும் வந்துச்சு, ஃப்ரான்ஸ், 1964-ல சீனா, அப்ப அடுத்து யாரு? இந்தோனேசியா, தென்னாப்பிரிக்கா, எகிப்து, இஸ்ரேல், லக்சம்பர்க், மொனாக்கோன்னு போயி கடைசில அலபாமா கிட்ட குண்டு வரும்போது அமைதியா இருப்போம்னு முடியும். கருப்பின மக்களை தடியால அடிச்சிட்டிருந்த மாநிலம் அப்ப அலபாமா, சொந்த நாட்டுக்குள்ளயே இருக்கு, அதான் சிரிப்பும் பகீரும். லிஸ்ட்ல நம்ம பேரு இல்ல, பொக்ரான் 1974.

வெர்னர் ஃபான் பிரவுன் பாட்டும் அதே கட்டுமானம். ஹிட்லருக்கு வி-2 ராக்கெட் செஞ்சு லண்டன் மேல விழ வச்ச மனுஷன், போர் முடிஞ்சதும் அமெரிக்கா அள்ளிட்டு வந்து நிலாவுக்கு ராக்கெட் செய்ய உக்கார வச்சிருச்சு, ஊரே ஹீரோன்னு கொண்டாடுது. இவர் ஒரு ஜெர்மன் உச்சரிப்புல, ராக்கெட்டை மேல அனுப்பறதுதான் என் வேலை, அது எங்க விழுதுன்றது என் டிபார்ட்மென்ட் இல்லைன்னு பாடுவார். அவ்ளோதான் பாட்டு. திட்டவே இல்ல. ஆபீஸ்ல தினம் கேக்கற வசனம் அது, அதனாலதான் வலிக்குது. ஃபான் பிரவுன் கேஸ் போட்டு இவரோட வருமானம் பூரா வாங்கிட்டார்னு ஒரு கதை சுத்தும், பொய்னு இவரே சொல்லியிருக்கார். அதே மாதிரி, அமெரிக்க வெளியுறவு அமைச்சர் கிஸ்ஸிங்கருக்கு 1973-ல சமாதான நோபல் கொடுத்ததும் அரசியல் நையாண்டி செத்துப்போச்சுன்னு சொல்லிட்டு பாடறதை விட்டார்னும் ஒரு கதை. அந்த வசனம் அவர் சொன்னதுதான், ஆனா அதுக்கு ரொம்ப முன்னாடியே கடையை மூடிட்டார்.

ஏன் மூடினார்? இதுக்கு சோகக்கதை எதிர்பாக்கறவங்க ஏமாந்து போவீங்க. நாவல் எழுதறவன் தினமும் ராத்திரி மேடையேறி அதே நாவலை படிச்சுக் காட்டணும்னா எப்படி இருக்கும், எனக்கு கச்சேரி அப்படித்தான்னு சொல்லியிருக்கார். கணக்கு போட்டு விடை வந்தாச்சு, அதையே இன்னொரு ஊர்ல போயி எதுக்கு திரும்பப் போடணும்? ஆனா இதே ஆளு ஹார்வர்டு, எம்ஐடி, வெல்லஸ்லின்னு சொல்லிக் கொடுத்து, 1972-லேர்ந்து 2001 வரைக்கும் கலிஃபோர்னியால சான்டா க்ரூஸ் யூனிவர்சிட்டில கணக்கை பாடமா எடுக்காத பசங்களுக்கு கணக்கு நடத்துனார், அதுக்கு அவர் வச்ச செல்லப்பேரு பாட்டுக்காரங்களுக்கான கணக்கு. கூடவே இசை நாடகத்துக்கு ஒரு வகுப்பு. அதே வகுத்தல், அதே நிகழ்தகவு, வருஷா வருஷம், அது மட்டும் சலிக்கலையான்னு கேட்டா, எனக்கு தெரிஞ்சு பாட்டுக்கு கைதட்டறவன் போன வருஷம் தட்டுன அதே இடத்துலதான் தட்டுவான், பையன் மட்டும் தப்பை ஒவ்வொரு வருஷமும் புது இடத்துல பண்ணுவான். டாக்டர் பட்டத்துக்கு பல வருஷம் இழுத்து 1960கள் நடுவுல அதையும் விட்டுட்டார்.

அந்த லோபசெவ்ஸ்கி வால். 1955-லேர்ந்து 57 வரைக்கும் இவர் ராணுவத்துல, போட்ட இடம் என்எஸ்ஏ, அதாவது அமெரிக்காவோட ஒட்டுக்கேக்கற ரகசிய ஏஜென்சி. (மது கொண்டு வரக்கூடாதுன்னு தடை இருந்த இடத்துல பார்ட்டிக்கு வோட்காவை ஜெல்லிக்குள்ள உறைய வச்சு பரிமாறுன கதையும் அப்ப நடந்ததுதான்னு அவரே சொல்லியிருக்கார்.) அங்க இன்னொருத்தரோட சேர்ந்து 1957-ல சூதாடி ஓட்டாண்டி ஆகற நிகழ்தகவு பத்தி ஒரு உள்சுற்று ஆய்வுக்கட்டுரை எழுதுனார், இளகின மனசுள்ள எதிராளி இருந்தா என்ன ஆகும்னு. சீரியஸ் கட்டுரை. கடைசில மேற்கோள் பட்டியல்ல நடுவுல ஒண்ணு, லோபசெவ்ஸ்கி எழுதி வெளிவராத ஆய்வுன்னு நாக்கு சுளுக்கற ஒரு நீளத் தலைப்பு. அந்தத் தலைப்பு பாட்டுல அந்த ரஷ்யக்காரன் திருடி எழுதற கட்டுரையோட தலைப்பு! கிட்டத்தட்ட அறுபது வருஷம், உளவாளிங்க வேலை பாக்கற ஆபீஸ்ல, ஒருத்தர் கண்ணுலயும் படல, 2016-லதான் வெளிய வந்துச்சு. பார்வையாளர் யாருமே இல்லாம ஒரு ஜோக்கைப் போட்டுட்டு வாயை மூடிக்கிட்டு இருந்திருக்கார். நான் எழுந்து நின்னு சிரிச்சேன்.

உதிரிங்களைப் பத்தி சுருக்கமா. 1970கள் ஆரம்பத்துல 'தி எலக்ட்ரிக் கம்பெனி'ன்னு குழந்தைங்க வாசிக்கக் கத்துக்கற டிவி நிகழ்ச்சிக்கு எழுதுனதுல, சத்தம் போடாத 'இ' எழுத்து வார்த்தை கடைசில வந்து ஒட்டுனா 'கப்' (cub) எப்படி 'க்யூப்' (cube) ஆகுது, 'டப்' (tub) எப்படி 'ட்யூப்' (tube) ஆகுதுன்ற பாட்டு, வீட்ல இங்கிலீஷ் எழுத்துக்கூட்டற குழந்தை இருந்தா இன்னைக்கே போட்டுக் காட்டுங்க. கால்குலஸ் பாட்டுங்க படிச்சவங்களுக்கு மட்டும். டெல்டா எப்சிலான்னா என்னன்னு தெரியாதவங்க கேட்டா ஏதோ கிரேக்க காதல் கதைன்னு நெனச்சுப்பாங்க.

குறை இல்லாம இல்ல. பெண்களைப் பத்தின சில பழைய பாட்டு, காதலியை கொன்னுட்டு கையை மட்டும் புடிச்சுக்கிட்டு பாடறது மாதிரி, கல்யாணம் ஆனதால சகிச்சுக்கறேன்ற மாதிரி, அது அந்தக் காலத்து ஆம்பள ஹாஸ்டல் வாடை, இப்ப மூக்கைப் புடிச்சுக்கணும். மெக்சிகோ பாட்டு எனக்கு ஒட்டவே இல்ல. 37-ஐயும் ஒரே மூச்சுல கேட்டா பியானோ ஒரே மாதிரி தட்டற மாதிரி தோணும், நான் அப்படி ஒரு ஞாயித்துக்கிழமை கேட்டு தலைவலி வாங்கினேன். நாளைக்கு நாலு போதும். வரிகளை பக்கத்துல வச்சுக்கிட்டு கேளுங்க, அதுவும் அங்கயே ஓசில இருக்கு, பியானோ நோட்ஸும் இருக்கு. வரிசை கேட்டீங்கன்னா மூணாவது ஆல்பம், அப்புறம் ரெண்டாவதோட மேடைப் பதிவு, முதல் ஆல்பம் ஆசை இருந்தா. காசு கொடுத்து வாங்கணும்னு அடம் புடிக்கறவங்களுக்கு 2000-ல வந்த மூணு சிடி பெட்டி ஒண்ணு இருக்கு, 'தி ரிமெய்ன்ஸ் ஆஃப் டாம் லேரர்', அதாவது டாம் லேரரோட மிச்சமீதி, இல்ல அஸ்தின்னு கூட எடுத்துக்கலாம். ஆளு உயிரோட இருக்கும்போதே வச்ச பேரு.

ரேட்டிங்: 10-க்கு 7. குறைச்சலா தெரிஞ்சா பேஸ் எட்டுல படிங்க.